பரணில் தூங்குதா உங்க வீட்டு டெலஸ்கோப்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. சாப்பிட்டு முடித்து செல்போனைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது அந்த விளம்பரம் வருகிறது. வளையத்தோடு தகதகக்கும் சனி கிரகம். பக்கத்தில் பளபளக்கும் டெலஸ்கோப். ‘675 மடங்கு பெரிதாகக் காட்டும். தள்ளுபடி இன்று மட்டும்!’ ஏழாவது படிக்கிற மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, வாங்கலாம்ப்பா” என்கிறாள். இரண்டு நிமிடத்தில் பணம் போய்விடுகிறது.

நான்கு நாளில் பெட்டி வருகிறது. குடும்பமே மொட்டை மாடிக்கு ஏறுகிறது. ஸ்டாண்ட் ஆடுகிறது. தொட்டால் நட்சத்திரம் துள்ளிக் குதிக்கிறது. நிலா ஒருமுறை பெரிதாகத் தெரிந்து, அடுத்த நொடி நழுவிப் போகிறது. சனி எங்கே இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை. “இவ்வளவுதானாப்பா?” என்கிறாள் மகள். ஒரு மாதத்தில் டெலஸ்கோப் பரணுக்குப் போகிறது, பழைய பித்தளைப் பாத்திரங்களுக்குத் துணையாக.

போனது சில ஆயிரம் ரூபாய் மட்டும் என்றால் பரவாயில்லை. ‘வானம் பார்ப்பது நமக்குச் சரிப்படாது’ என்று ஒரு குழந்தை முடிவு கட்டிவிடுகிறதே, அதுதான் பெரிய நஷ்டம்.

675 எங்கிருந்து வந்தது?

கணக்கு எளிமையானது. டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை, கண் வைத்துப் பார்க்கும் கண்வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும். 900 மி.மீ. குழாயில் 4 மி.மீ. கண்வில்லையைப் போட்டால் 225 மடங்கு. நடுவே மூன்று மடங்காக்கும் ‘பார்லோ’ வில்லையைச் செருகினால் 675. காகிதத்தில் சரிதான்.

ஆனால், ஒரு டெலஸ்கோப் உருப்படியாக எத்தனை மடங்கு காட்டும் என்பது அதன் முகப்பு விட்டத்தைப் பொறுத்தது. ஒரு மி.மீ.க்கு இரண்டு மடங்கு என்பது பொதுவான வரம்பு. 60 மி.மீ. டெலஸ்கோப் என்றால் 120 மடங்கு. அதற்கு மேல் போனால் மங்கலும் கலங்கலும்தான் பெரிதாகும்.

ஆகவே, கடைக்காரரிடம் ‘எத்தனை மடங்கு?’ என்று கேட்காமல் ‘விட்டம் எவ்வளவு?’ என்று கேளுங்கள். விட்டம் கூடினால் ஒளி அதன் இருமடிப்படி கூடும். 60 மி.மீ.யைவிட 150 மி.மீ. கருவி சேகரிக்கும் ஒளி ஆறு மடங்குக்கும் மேல். அடுத்த கேள்வி, ‘ஸ்டாண்ட் ஆடுமா?’ நல்ல வில்லை இருந்தும் ஆடுகிற காலில் நின்றால் பயனில்லை.

பாப்பு காட்டிய வழி

அவசரப்படாமல் வாங்குவதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். இந்திய வானியலின் முன்னோடி வேணு பாப்பு முதலில் தேடியது பெரிய தொலைநோக்கியை அல்ல, நல்ல வானம் உள்ள இடத்தை. இடம் கிடைத்த பிறகு, 1968-ல் அங்கே வேலையைத் தொடங்கியது 38 செ.மீ. தொலைநோக்கி. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றியுள்ள வளையங்களின் தடயத்தைப் பதிவு செய்தவற்றில் அதுவும் ஒன்று. இந்தியாவிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். இன்று அந்த ஆய்வகமும் தொலைநோக்கியும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன.

முதலில் இடம், அப்புறம் சின்னது, கடைசியில் பெரியது. மொட்டை மாடிக்கும் இதே வரிசைதான்.

வாங்குவதற்கு முன் மூன்று மாதம்

*முதல் மாதம், வெறும் கண்.* செலவு பூஜ்யம். ‘ஸ்டெல்லேரியம்’ போன்ற இலவசச் செயலியின் உதவியோடு வானத்தைப் பழகலாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை முன்னிரவில் கார்த்திகைக் கூட்டம், சிவந்த ரோகிணி, திருவாதிரை மூன்றையும் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். வெறும் கண்ணால் வியாழனை அடையாளம் காணத் தெரியாதவருக்கு டெலஸ்கோப் வழிகாட்டாது. அது வானத்தின் மிகச் சிறிய ஒரு துண்டைத்தான் காட்டும்.

*இரண்டாவது மாதம், பைனாகுலர்.* 10x50 என்று போட்டிருக்கும் பைனாகுலர் நல்ல தொடக்கம். 10 என்பது மடங்கு, 50 என்பது மி.மீ.யில் முகப்பு விட்டம். கார்த்திகையில் வெறும் கண்ணுக்கு ஆறேழு நட்சத்திரங்கள். இதில் டஜன் கணக்கில். மாடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தால் வியாழனின் பெரிய நிலாக்கள் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டது இவற்றைத்தான். நாளைக்கு ஆர்வம் குறைந்தாலும் நஷ்டமில்லை, பறவை பார்க்க உதவும்.

*மூன்றாவது மாதம், பிறருடைய டெலஸ்கோப்.* தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் அவ்வப்போது வான்நோக்கு நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. வீட்டில் எல்லோரும் போய் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஓரியன் நெபுலா படத்தில் இருப்பதுபோலச் சிவப்பாகத் தெரியாது, சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும். சனி ஒரு சின்ன மணி போல இருக்கும். அதைப் பார்த்தும் ‘அடடா!’ என்று தோன்றினால், தைரியமாக வாங்கலாம்.

கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

யார் தூக்குவது? எட்டு அங்குல டாப்சோனியன் வகைக் கருவி இருபது கிலோவைத் தாண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் நான்காவது நாளே ஆசை போய்விடும். அடிக்கடி வெளியே எடுக்கப்படும் சின்னக் கருவி, மூலையில் நிற்கும் பெரிய கருவியைவிட மேல்.

எப்போது வாங்குவது? வடகிழக்குப் பருவமழைக்கு முன் வாங்கினால் மேகத்தைத்தான் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் கிடக்கும் வில்லையில் ஈரப்பதத்தால் பூஞ்சை பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. 2025-ல் சனியின் வளையம் நம் பக்கம் விளிம்பைக் காட்டி மெல்லிய கோடாகிவிட்டது. அதைப் பார்ப்பதற்கென்றே வாங்கியவர்களுக்கு ஏமாற்றம். இப்போது மறுபடி ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே போகிறது.

மொத்தச் செலவு எவ்வளவு? 15,000 ரூபாய் ஒதுக்கினால் முழுவதையும் குழாயில் போட்டுவிட வேண்டாம். ஒரு நல்ல கண்வில்லைக்கும் உறுதியான ஸ்டாண்டுக்கும் மிச்சம் வையுங்கள்.

படம் எடுக்கும் ஆசையா? அது தனி வழி, தனிச் செலவு. வானத்தின் சுழற்சியோடு சேர்ந்து நகரும் தாங்கி தேவை. முதல் வருடம் தள்ளிப் போடுங்கள்.

அமெரிக்காவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த துறவியாக இருந்த ஜான் டாப்சன் கையில் காசே இல்லை. கப்பல் ஜன்னல் கண்ணாடி, ஒட்டுப்பலகை என்று கிடைத்ததை வைத்துப் பெரிய டெலஸ்கோப் செய்து, சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் போவோர் வருவோருக்கு நிலாவைக் காட்டினார். அவர் பெயரில்தான் இன்றைய டாப்சோனியன். தனக்கு என்ன தேவை என்று தெரிந்தவருக்குக் குறைந்த செலவும் போதும்.

ஒரு எச்சரிக்கை: எந்த டெலஸ்கோப்பையும் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. கண்வில்லையில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கலாம், பார்வையே போய்விடும். குழாயின் முகப்பை முழுவதும் மூடும் தரமான சூரிய வடிகட்டி இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கியாச்சா?

கவலை வேண்டாம். பரணிலிருந்து இறக்குங்கள். பார்லோவை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். கண்வில்லைகளில் எதில் பெரிய எண் இருக்கிறதோ, அதைப் போடுங்கள். அதுதான் குறைந்த மடங்கு, தெளிவான காட்சி. ஸ்டாண்டின் கால்களை முழுவதும் நீட்டாமல், நடுவில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டால் ஆட்டம் குறையும். பகலிலேயே, சூரியன் இல்லாத திசையில், தூரத்துத் தண்ணீர்த் தொட்டியையோ கோயில் கோபுரத்தையோ குறிவைத்து மேலே உள்ள தேடு குழாயைச் சரி செய்துகொள்ளுங்கள்.

பௌர்ணமி வேண்டாம். வளர்பிறை அஷ்டமியையொட்டிய சாயங்காலம் மகளைக் கூப்பிடுங்கள். பாதி நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களும் மலைகளும் நிழலோடு எழுந்து நிற்கும். 60 மி.மீ. கருவிக்கு அது தாராளம்.

பெரியது வாங்கலாமா என்பதை அவள் பார்த்து முடித்த பிறகு பேசிக்கொள்ளலாம்!