இம்மி

‘இம்மியளவும் ஐயமில்லை’ என்று சொல்லாதவர் நம்மில் அரியர். அவ்வாறு சொல்லும்போது, இம்மி என்றால் ஒன்றுமேயில்லை என்பதே நம் கருத்து. ஆனால் இம்மி சூனியமன்று. அஃது ஒரு கணக்கு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதியவர்கள் அதனை அறிவர்.

ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. அம்முந்திரியை மீண்டும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. அதில் இருபத்தொன்றில் ஒரு கூறு இம்மி; இம்மியில் பதினொன்றில் ஒரு கூறு மும்மி. நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டெனினும், நான் கொள்வது இவ்வாய்பாட்டையே. இதன்படி இம்மி என்பது ஒன்றில் 21,50,400-இல் ஒரு பங்கு. இதைக் கொண்டு நெல் அளந்தவர் எவரும் இரார். கணக்கரின் மனத்திலன்றி மரக்காலில் அதற்கு இடமேது? ஆகவேதான் போலும், அது பேச்சு வழக்கில் ‘சற்றும் இல்லை’ என்னும் பொருளுக்கு இறங்கிவிட்டது.

இச்சொல்லை நான் மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது எண்ணூரை முன்னிட்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் தாளாமல், மக்கள் உறக்கம் கலைந்து வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். ஆலை வாயிலில் ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. ஒரு நாள் சராசரிக்கு விதித்த வரம்போ 400.

ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். அவ்வெடையில் ஓர் இம்மி எவ்வளவென்று வகுத்துப் பார்த்தேன். சுமார் 558 மைக்ரோகிராம் வந்தது. அஃதாவது, வரம்பு முக்கால் இம்மிக்கும் சற்றுக் குறைவு. அளந்து கண்டது ஏறக்குறைய மூன்றே முக்கால் இம்மி! கடல்நீர்க் கணக்கும் இப்படியே. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கலாம் என்ற இடத்தில் 49 இருந்தது. அரைக் கீழ்முந்திரி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து கீழ்முந்திரி என்று நம் பாட்டனார் எழுதியிருப்பார். மரக்காலுக்கு அகப்படாத பின்னத்தைக் கண்ணும் மூக்கும் அளந்துவிடுகின்றன.

தூசு இன்னும் நுட்பமானது, மூக்குக்கும் தெரிவதில்லை. நிலக்கரியும் சாம்பலும் புழங்கும் எண்ணூர்ப் பக்கத்தில் அதைப் பற்றிய பேச்சு ஓய்வதில்லை. 2009-ஆம் ஆண்டின் தேசியத் தரத்தின்படி, 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்தூசு ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். இது ஒரு மும்மிக்குச் சற்றே மேல்.

இனி அங்கே ஒருவர் எழுந்து, ‘காற்றில் இம்மியளவும் தூசில்லை’ என்று சொன்னால், வழக்குப்படி சொல்கிறாரா, வாய்பாட்டின்படி சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓர் இம்மித் தூசு அவ்வரம்பைப் போல் ஒன்பது மடங்கு.