கடை அருகில், சிகிச்சை எங்கே?

1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி சேலம் ஜில்லா முழுவதிலும் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. சென்னை மாகாணத்தில் மதுவிலக்குக்கென முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜில்லா அதுவே. இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த ராசிபுரமும் திருச்செங்கோடும் அந்நாளில் சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்தன. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்து, மதுவின் தீமையை எடுத்துரைப்பதற்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையையும் நடத்தியவர் ராஜாஜி. அவர் மாகாணப் பிரதம மந்திரியானதும், தாம் தொண்டு புரிந்த ஜில்லாவிலேயே அந்தப் பரீட்சையைத் தொடங்கினார். கஜானாவுக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடு செய்ய 1939-ல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. மது விலகியதா என்பதைப் பற்றி அன்றும் வாதம் இருந்தது; இன்றும் இருக்கிறது. ஆனால் குடியால் கெடும் குடும்பத்துக்குச் சர்க்கார் பொறுப்பாளி என்னும் கொள்கை முதலில் காரியத்தில் இறங்கியது இந்த மண்ணிலேதான். அதை ராசிபுரத்தார் மறக்கலாகாது.

அதன் பின்னர் நிகழ்ந்த மாறுதல்களை நேயர்கள் அறிவார்கள். யுத்த காலத்தில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1948-ல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-ல் கடைகள் மீண்டும் திறந்தன. பிறகு மூடுவதும் திறப்பதுமாகப் பல வருஷங்கள் கழிந்தன. 1983-ல் டாஸ்மாக் கழகம் ஏற்பட்டது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அக்கழகமே நடத்தி வருகிறது. 2023-24-ஆம் வருஷத்தில் மதுவினால் மாநிலத்துக்குக் கிடைத்த வரி வருமானம் 45,855 கோடி ரூபாய். கடைகளை மூடுவதா, குறைப்பதா என்னும் விவாதத்தில் நாம் இன்று புகப் போவதில்லை. அது முடிவதற்குள் எத்தனையோ குடும்பங்கள் அழிந்துவிடும். நாம் கேட்பது ஒன்றே: ராசிபுரத்தில் ஒரு தறித் தொழிலாளி நாளைக் காலையில் எழுந்து, 'இனிக் குடிப்பதில்லை' என்று தீர்மானிப்பானாகில், அவன் எங்கே போவான்? அவனுடைய வைத்தியத்துக்குப் பணம் கொடுப்பவர் யார்?

கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. சிகிச்சைக்கு வழி கேட்டாலோ, பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தெரிவதில்லை. மத்திய சர்க்காருக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் நடத்தி, 2019-ல் வெளியிட்ட தேசிய ஆராய்ச்சி இதற்குச் சாட்சி. குடியினால் உபாதைப்பட்டு உதவி தேவைப்படுவோர் நாட்டில் ஏறக்குறைய 5.7 கோடிப் பேர் என்று அதில் கண்டிருக்கிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை பெறுகிறார். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர் 180 பேருக்கு ஒருவரே. மற்றவர்களெல்லாம் சத்தியம் செய்கிறார்கள், கோயிலில் கயிறு கட்டிக் கொள்கிறார்கள், சில நாள் நிறுத்துகிறார்கள், மறுபடியும் விழுகிறார்கள். விழுந்தவனை ஊரார் ரோஷமற்றவன் என்று ஏசுகிறார்கள்.

ரோஷம் மட்டும் இருந்தால் போதாது என்பது இக்காலத்து வைத்திய சாஸ்திரத்தின் துணிபு. பல வருஷம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்த சரீரம் மதுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக் கொண்டுவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரையில், இல்லாததைக் கண்டும் கேட்டும் பிதற்றுகிற சித்தப் பிரமை சிலரைப் பற்றும். வைத்தியமின்றி விட்டால் அது உயிருக்கே ஆபத்து. ஆகவே, பெருங்குடிகாரனை ஓர் அறையில் அடைத்து வைத்துப் 'பழக்கத்தை முறிப்பது' வீரமும் அன்று, வைத்தியமும் அன்று. டாக்டரின் மேற்பார்வையில் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தும், தயாமின் என்னும் வைட்டமின் சத்தும் கொடுத்தால், பெரும்பாலோர் ஒரு வாரம், பத்து நாட்களில் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிடுவார்கள். அதற்குப் பின் குடியின் மேல் எழும் வேட்கையை அடக்கவும் மாத்திரைகள் உண்டு.

1937-ல் இந்த மருந்துகளில் பெரும்பாலானவை உலகிலேயே இல்லை. மதுவோடு சேர்ந்தால் உடம்பைப் புரட்டிக் குடியை வெறுக்கச் செய்யும் டைசல்ஃபிராம் என்னும் மருந்தின் குணத்தை டென்மார்க் விஞ்ஞானிகள் வெளியிட்டது 1948-ல்தான். அன்றையச் சர்க்காருக்குக் கடையை மூடுவது ஒன்றே கைக்கெட்டிய மருந்து. இன்றையச் சர்க்காருக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

இதே டைசல்ஃபிராமைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் செய்ய வேண்டியிருக்கிறது. 'குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ காப்பியிலோ கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்து பொடிகளை விற்கிறவர்கள் உண்டு. பொடியில் இருப்பது இன்னதென்று வாங்கும் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் தெரியாது. அது இந்த மருந்தாயிருந்து, அறியாதவன் அதன் மேல் குடித்தால், இரத்த அழுத்தம் வீழ்ந்து இருதயம் தடுமாறும், மரணமும் நேரலாம். நோயாளியின் சம்மதமும் டாக்டரின் பரிசோதனையும் இன்றி இம்மருந்தைக் கொடுக்கலாகாது.

ஆனால் ராசிபுரத்தான் போக வேண்டிய இடம் எது? முதல் படி ஊரிலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரி. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் தாலூகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறித்த தினங்களில் வந்து பார்ப்பது அத்திட்டத்தின் முறை. எந்தக் கிழமை என்பதை அங்கே கேட்டறிய வேண்டும். படுக்கையில் சேர்க்க வேண்டுமாயின், ஒரு புறம் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், மறுபுறம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் பஸ் பிரயாண தூரத்தில் இருக்கின்றன. மாநிலச் சர்க்கார் 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரால் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறார்கள். மத்திய சர்க்காரின் மானியத்தில் தொண்டு ஸ்தாபனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களிலும் கட்டணமில்லாமல் சிகிச்சை உண்டு. 14446 என்னும் எண்ணுக்குச் செலவின்றித் தொலைபேசியில் பேசி, அருகிலுள்ள மையம் எதுவென்று தெரிந்து கொள்ளலாம். கஞ்சாவுக்கும், வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக் கொள்ளும் புதிய பழக்கத்துக்கும் ஆளான இளைஞர்களுக்கும் இவ்விடங்களே கதி.

பணத்தைப் பற்றிச் சட்டம் சொல்வதை ஊழியர்கள் மனப்பாடம் செய்து வைத்துக் கொள்வது நலம். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவாலும் போதைப் பொருளாலும் விளையும் மனக் கோளாறுகளையும் மனநோய் என்றே கொள்கிறது. சர்க்கார் நடத்துகிற, சர்க்கார் பணம் பெறுகிற இடங்களில், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அதற்குரிய அட்டை இல்லாவிடினும் இலவசமாகச் சிகிச்சை பெற உரிமை உடையவர்கள். இன்னும் ஒன்று: சட்டம் விதித்திருக்கும் குறைந்தபட்ச மனநலச் சேவை ஒரு மாவட்டத்தில் இல்லாவிட்டால், நோயாளி அம்மாவட்டத்தில் வேறிடத்தில் சிகிச்சை பெறலாம், அந்தச் செலவைச் சர்க்காரே ஏற்க வேண்டும். இது தர்மப் பிச்சையன்று. பாராளுமன்றம் எழுதிக் கொடுத்த உரிமை. ஏட்டில் உள்ள உரிமையைக் கேட்டுப் பெற ஒருவரும் முன்வராதவரையில், அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஏமாறக் கூடாது. உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் வசதி செய்ய வேண்டுமென்று மேற்படி சட்டம் கூறுகிறது. ஆயினும் குடிக்கும் போதைக்கும் உரிய சிகிச்சையை விலக்கும் நிபந்தனை தனியார் பாலிஸிகளில் வழக்கமாகக் காணப்படுகிறது. சர்க்கார் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களும், ஆஸ்பத்திரியில் சேருமுன் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துக் கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு விசாரித்தால் தாலி அடகுக் கடைக்குப் போகும்.

தனியார் மையத்தை நாட வேண்டிய நிலை வந்தால், நாலு கேள்விகளைக் கேட்காமல் முன்பணம் கட்டலாகாது. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா? டாக்டர் தினமும் வருகிறாரா, பலகையில் பெயர் மட்டும் இருக்கிறதா? குடும்பத்தார் நோயாளியைப் பார்க்கவும் பேசவும் விடுகிறார்களா? வீடு திரும்பிய பின் கவனிக்க என்ன ஏற்பாடு? நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் அடியோடு தடுத்திருக்கிறது. அடித்துத் திருத்துகிறோம் என்பவர்கள் வைத்தியர்களல்லர்.

கட்டணம் இல்லையென்றாலும் சிகிச்சைக்கு விலை உண்டு. நெய்த அளவுக்குக் கூலி வாங்குகிறவன் பதினைந்து நாள் படுக்கையில் இருந்தால் பதினைந்து நாள் அடுப்பு எரியாது. கூட இருக்க வேண்டிய மனைவியின் கூலியும் போகும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழுத்தை நெரிக்கும். சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடி வருகிறவர்களில் பலர் குடிக்காக ஓடி வருவதில்லை; கூலிக்காக ஓடி வருகிறார்கள். இந்த முடிச்சை அவிழ்க்காமல் உரிமையைப் பற்றி மட்டும் பேசுவது பசித்தவனுக்கு இலை போட்டுச் சோறு போடாத உபசாரம்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஸ்ரீமதி சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார், தஞ்சைத் தரணியில் மஞ்சக்குடி என்னும் கிராமத்துக்கே சென்று பதினைந்து நாள் சிகிச்சை முகாம்கள் நடத்தினார்கள். டாக்டரும் மருந்தும் வெளியிலிருந்து வந்தன. உள்ளூர் ஸ்தாபனமும் ஊராரும் உடன் நின்றார்கள். குடும்பத்தாருக்கும் போதனை நடந்தது. முகாமில் திருந்தியவன் திரும்பிப் போன ஊர், அவன் திருந்துவதைத் தன் கண்ணால் கண்ட ஊர். ஆகையால் ஏச்சுக்குப் பதில் ஆதரவு கிடைத்தது. மஞ்சக்குடியில் முடிந்தது ராசிபுரத்தில் முடியாதா?

திருந்தியவன் திருந்தியபடியே இருப்பதற்குத் துணை வேண்டும். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்தில் ஒரு தரகரும் ஒரு டாக்டரும், இருவருமே குடியால் கெட்டவர்கள், ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' சங்கம் இன்று நம் தேசத்திலும் பல ஊர்களில் கூடுகிறது. அதில் சேரச் சந்தா இல்லை. பெயரைச் சொல்ல வேண்டியதும் இல்லை. குடியை விட வேண்டுமென்ற எண்ணம் ஒன்றே தகுதி. ஒரு பள்ளிக்கூட அறையும் வாரத்தில் ஒரு மாலையும் கிடைத்தால் எந்த ஊரிலும் அது கூடலாம்.

ராசிபுரத்துத் தொண்டர்களுக்கு நாம் மூன்று காரியங்களைச் சொல்லுகிறோம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் வரும் நாளையும் 14446 என்னும் எண்ணையும் ஒவ்வொரு ரேஷன் கடையிலும் தறிக் கூடத்திலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். கட்சி பேதமின்றி ஒரு கமிட்டி அமைத்து, சிகிச்சையில் இருப்பவன் குடும்பத்துக்குப் பதினைந்து நாள் அரிசியும், முன்பணத்துக்குத் தவணையும் கிடைக்கச் செய்யுங்கள். இலவசச் சிகிச்சை மறுக்கப்பட்டால் எழுத்தில் மனுக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில்கள் சேரச் சேரச் சர்க்காருக்குக் காது கேட்கும். முன்னோர்கள் கடை வாசலில் நின்று மறியல் செய்து அடி வாங்கினார்கள். அவர்களுடைய பேரர்கள் ஆஸ்பத்திரி வாசல் வரையில் ஒருவன் கையைப் பிடித்து அழைத்துப் போவது அவ்வளவு கடினமான காரியமன்று. அதை இந்த வாரமே தொடங்கலாம்.