அணையா அடுப்பு

சிவகாசியை அடுத்த நாரணாபுரம், பட்டாசுத் தொழிலைச் சார்ந்து வாழும் ஊர். மழை பெய்தால் மருந்து உலராது, வேலையும் நடவாது. செய்த உருப்படிக்கு ஏற்பக் கூலி பெறுவோர் இல்லத்தில் அன்று உலை ஏறுவதே ஐயம். 2018ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் கலந்த பட்டாசுகளையும் தடை செய்தபின், ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. இத்தகைய ஊர்களில் திருவிழா நாளில் மட்டும் சோறிடுதல் சாலாது. பசிக்குத் திதியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

இவ்வுண்மையை உணர்ந்தவர் அருட்பிரகாச வள்ளலார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம், ஊர் எதனையும் வினவாது, பசித்து வந்தார் யாவர்க்கும் அங்கே உணவளிக்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அன்னதானத் திட்டமும் இவ்வறத்தின் வழியதே.

தெருவார் கூடி இவ்வறம் செய்யுங்கால் கருதத்தக்கன சில உள. முதலாவது, இடையறாமை. ஒரு நாள் ஆயிரம் பேருக்கு விருந்திட்டு ஓய்வதினும், நாள்தோறும் ஐம்பது பேருக்கு எளிய சோறும் சாம்பாரும் இடுதல் சிறந்தது. நூறு பேருக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோ அரிசி வேண்டும். அதற்கேற்பப் பொருள் திரட்டிய பின்னரே தொடங்குக.

இரண்டாவது, தூய்மை. சமைத்த சோற்றை நெடுநேரம் வைத்திராது சூடாகவே பரிமாறுக. ஆலையிலிருந்து வருவோர் கைகளில் கந்தகமும் அலுமினியத் தூளும் படிந்திருக்கும். ஆதலின் பந்தியின் வாயிலிலேயே நீரும் சோப்பும் வைத்தல் இன்றியமையாதது. அடுப்பு, மருந்தும் பட்டாசும் வைக்கும் இடங்களுக்கு மிகத் தொலைவில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, மானம் காத்தல். உண்போரை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது அறமன்று. நடக்கவியலாத முதியோர்க்கும், விபத்தில் காயமுற்றுப் படுத்திருப்போர்க்கும் தூக்குவாளியில் சோறு இல்லம் தேடிச் செல்லட்டும்.

கொடுப்பவர் உயர்ந்தவர், கொள்பவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணம் எழுமாயின் அன்னம் தானமாகாது. இன்று பரிமாறும் கை, நாளை இலைமுன் அமரவும் நேரும். இதனை மறவாதார் மூட்டும் அடுப்பே அணையாது நிற்கும்.