குடிக்கிற காசு கஜானாவுக்கு... குடியை விட வைக்கிற காசு எங்கே? ஓபியாய்டு இழப்பீடு புதுச்சேரிக்குச் சொல்லும் பாடம்

புதுச்சேரி வழுதாவூர் சாலையில் கதிர்காமத்தைத் தொட்டதும் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி கண்ணில் படும். 2010-ல் தொடங்கிய மருத்துவமனை. எந்தப் பெரிய அரசு மருத்துவமனையையும் போல, குடியால் பாதிக்கப்பட்டவர்கள் இங்கேயும் ‘குடிநோயாளி’ என்ற பெயரில் மட்டும் வருவதில்லை. ஒருவருக்குக் கல்லீரல் கெட்டிருக்கும். இன்னொருவர் போதையில் பைக்கிலிருந்து விழுந்திருப்பார். மூன்றாமவர் ரெண்டு நாள் குடிக்காமல் இருந்து வலிப்பு வந்து சேர்ந்திருப்பார்.

இவர்களுக்கான சிகிச்சைச் செலவு அரசுடையது. இவர்கள் வாங்கிய ஒவ்வொரு பாட்டிலிலும் வரி எடுத்ததும் அதே அரசுதான். அப்படியென்றால், அந்த வரியில் ஒரு பங்கு குடியை விட நினைப்பவருக்குத் திரும்பி வரணுமா, வேண்டாமா? இதே கேள்விக்கு அமெரிக்கா அண்மையில் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அதில் நமக்குப் பாடமும் இருக்கு, எச்சரிக்கையும் இருக்கு.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

ஓபியாய்டு என்பது அபின் வகையைச் சேர்ந்த வலி நிவாரணி. 1996-ல் பர்டியூ பார்மா நிறுவனம் ‘ஆக்ஸிகான்டின்’ மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று சொல்லியே அது விற்கப்பட்டது. மாத்திரையில் தொடங்கிய பலர் ஹெராயினுக்கும், பிறகு ஃபென்டனிலுக்கும் போனார்கள். 2021-ல் மட்டும் அங்கே போதைப்பொருள் மிகையால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இவர்களில் பெரும்பாலோரின் மரணத்தில் ஓபியாய்டுக்குப் பங்கு உண்டு.

மாநிலங்களும் ஊராட்சிகளும் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டன. 2021-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமும் மூன்று பெரிய மருந்து விநியோக நிறுவனங்களும் சேர்ந்து 2,600 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டன. விநியோக நிறுவனங்கள் தங்கள் பங்கை 18 ஆண்டுகளில் தவணையாகத் தரும். மற்ற நிறுவனங்களின் ஒப்பந்தங்களையும் சேர்த்தால் மொத்தம் 5,000 கோடி டாலரைத் தாண்டுகிறது.

இந்த 2,600 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. குறைந்தது 85 சதவீதப் பணம் ஓபியாய்டு பாதிப்பைச் சரிசெய்யவே செலவாகணும். சிகிச்சை, ஆலோசனை, தடுப்பு, மறுவாழ்வு எல்லாம் இதற்குள் வரும்.

ஏன் அப்படி ஒரு நிபந்தனை?

ஏற்கெனவே ஒருமுறை பட்ட அனுபவம்தான். 1998-ல் சிகரெட் நிறுவனங்களும் 46 மாநிலங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டன. முதல் 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர். ஆனால், எதற்குச் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. பணம் பொதுக் கணக்கில் கலந்தது. பட்ஜெட் ஓட்டைகளை அடைத்தது. புகையிலையை நிறுத்த உதவும் திட்டங்களுக்குப் போனது மிகச் சிறிய பங்குதான்.

இந்த முறை நிபந்தனை இருந்தும் பிரச்சினை முழுசா தீரவில்லை. சில ஊர்களில் இழப்பீட்டுப் பணத்தில் போலீஸ் வாகனம் வாங்கினார்கள். ‘இதுவும் போதை ஒழிப்புதானே’ என்றார்கள். மகனை இழந்த பெற்றோர்கள் அதை எதிர்த்துக் கேள்வி கேட்டார்கள்.

இந்தியாவில் இப்படிப் பணம் வருமா?

இங்கே அப்படியொரு பெரிய ஒப்பந்தம் நடக்கவில்லை. இங்கே ஓபியாய்டு பெரும்பாலும் ஹெராயினாகவும், கள்ளத்தனமாகக் கைமாறும் வலி மாத்திரையாகவும் புழங்குகிறது. விற்பவன் மறைந்திருக்கிறான், யார் மேல் வழக்குப் போடுவது?

ஆனால், சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு பின்னர் சேர்க்கப்பட்டது. கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த சொத்தை விற்று வரும் பணத்தை ‘போதைப்பொருள் கட்டுப்பாட்டுத் தேசிய நிதி’யில் போடலாம் என்கிறது அது. அடிமையானவர்களை அடையாளம் காண்பது, சிகிச்சை, மறுவாழ்வு ஆகியவற்றுக்கு அந்த நிதியைப் பயன்படுத்தலாம். அதே நிதி கடத்தல் தடுப்புக்கும் பயன்படலாம். சிகிச்சைக்கு இத்தனை சதவீதம் என்ற உத்தரவாதம் சட்டத்தில் இல்லை.

நம்ம ஊர்ப் பிரச்சினை மாத்திரை மட்டுமா?

இல்லை. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி, மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓபியாய்டு பிரச்சினைக்கு உதவி தேவைப்படுபவர்கள் நாடு முழுக்கச் சுமார் 77 லட்சம் பேர். மதுப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுபவர்கள் 5.7 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்.

இங்கேதான் புதுச்சேரி முக்கியமாகிறது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் மட்டும். புதுச்சேரியில் தனியார் மதுக்கடைகள், பார்கள், அரசு அனுமதியோடு சாராயக்கடை, கள்ளுக்கடை வரை உண்டு. விற்பவன் மறைந்திருக்கவில்லை. உரிமம் வாங்கி, வரி கட்டி, பலகை வைத்துத்தான் விற்கிறான். மது ஜி.எஸ்.டி.க்குள் வராததால் கலால் வரி இந்த அரசின் கையில்தான் இருக்கிறது. 2020 மே மாதம் ஊரடங்குக்குப் பின் கடை திறந்தபோது, ‘கொரோனா வரி’ என்று ஒரே உத்தரவில் மது விலையைத் தமிழ்நாட்டுக்குச் சமமாக உயர்த்தியது இதே புதுச்சேரி. வேண்டும் என்று நினைத்தால் முடியும்.

மதுமேல் தனி வரி போட்டு வேறு வேலைக்கு எடுப்பதும் புதிதல்ல. இமாசலப் பிரதேசம் 2023-ல் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் ‘பால் செஸ்’ அறிவித்தது. ராஜஸ்தானில் மதுமேல் பசுப் பாதுகாப்புக்கான கூடுதல் வரி உண்டு. மாட்டுக்கு முடியும் என்றால் மனுஷனுக்கு முடியாதா?

தாய்லாந்து 2001-லேயே செய்து காட்டியது. மது, புகையிலை வரிக்கு மேல் கூடுதலாக 2 சதவீதம் வசூலித்து, அதை நேராக ஒரு தனி மக்கள் நலவாழ்வு நிதிக்கு அனுப்புகிறது. அந்தப் பணம் பொதுக் கணக்கில் கலப்பதே இல்லை.

2 சதவீதம் என்ன செய்யும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு 100 கோடி ரூபாய் கலால் வரிக்கும் 2 கோடி ரூபாய். ஓர் ஆலோசகருக்கு மாதம் 40,000 ரூபாய் சம்பளம் என்று வைத்தால் ஆண்டுக்கு 4.8 லட்சம். 2 கோடியில் 40 ஆலோசகர்களை ஆண்டு முழுக்க வைத்திருக்கலாம்.

குடிமீட்பில் அதிகம் தேவைப்படுவதும் இந்த ஆள்பலம்தான். பத்து நாள் படுக்கையில் நஞ்சை இறக்குவது முதல் படி. வீட்டுக்குப் போன பின் வாராவாரம் போன் செய்து, ‘மாத்திரை போட்டீங்களா, அண்ணே? வேலைக்குப் போறீங்களா?’ என்று மாதக்கணக்கில் விசாரிக்க ஒருவர் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில்தான் பலர் மறுபடி பாட்டிலைத் தொடுகிறார்கள்.

இதில் சிக்கல் இல்லையா?

இருக்கு. விற்பனை கூடினால்தான் நிதி கூடும் என்றால், அரசுக்குக் கடையைக் குறைக்க மனசு வராது. கூடுதல் வரியைக் கட்டுவதும் பெரும்பாலும் கூலி வேலை செய்பவர்தான். விலை ரொம்ப ஏறினால் கள்ளச்சாராயம் பக்கம் போகும் ஆபத்தும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலரைக் கொண்டுவந்தது கதிர்காமத்துக்குப் பக்கத்தில் கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்குத்தான்.

அதனால், புதிதாக வரி போடுவதைவிட, இப்போதே வரும் கலால் வரியில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்குவது எளிது. அதோடு மூன்று விஷயம் எழுத்தில் இருக்கணும்: பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும்; சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் குறைந்தபட்சப் பங்கு இவ்வளவு என்று குறிக்க வேண்டும்; எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு போனது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இந்த மூன்றும் இல்லாததால்தான் அமெரிக்காவின் சிகரெட் பணம் கரைந்தது.

இப்போது உதவி வேண்டுமென்றால்?

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் கட்டணமில்லா எண்கள். ஒரு எச்சரிக்கை: தினமும் அதிகமாகக் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்த வைக்காதீர்கள். முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் கூட்டிப் போவதுதான் பாதுகாப்பு.

அப்படிக் கூட்டிப் போகும்போது அங்கே ஒரு படுக்கையும், பேச ஓர் ஆளும் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளத்தை அவர் இத்தனை வருஷமாக பாட்டில் பாட்டிலாக ஏற்கெனவே கட்டிவிட்டார்.