சுழல்விளக்கு இறங்கட்டும்!

ஒரு தரம்! இரண்டு தரம்! மூன்று தரம்! ஏலம் முடிந்தது. நேற்று வரை தெருவை நடுங்க வைத்த வண்டி, இன்று தொழிலாளியின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. விந்தைதானே!

ஸ்ரீவைகுண்டத்தில் தோழர் ஒருவர் நம்மை மடக்கிக் கேட்டார். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருபவர். "போலீசு கழித்த பொலிரோ ஏலத்துக்கு வருதாம் அண்ணே, எடுக்கலாமா?" என்றார். எடுக்கலாம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு எடுக்க வேண்டும்!

முதலில், எந்த ஏலம் என்று பாருங்கள். மதுவிலக்கு வழக்கில் பறிமுதலான வண்டிகளையும் காவல்துறைதான் ஏலம் விடுகிறது. அது கடத்தியவன் ஓட்டிய வண்டி. இது காவலர் ஓட்டிய வண்டி. இரண்டும் ஒன்றல்ல.

அடுத்து, வயது. 15 ஆண்டு கடந்த அரசு வண்டியின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. கவச வண்டி போன்ற தனிப்பயன் வண்டிகளுக்கு மட்டுமே விலக்கு. மற்றவை உடைக்கும் கூடத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே, பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர். பதிவு நாளைப் பாருங்கள்!

அமெரிக்காவில் போலீசுக்கென்றே ஃபோர்டு நிறுவனம் கிரவுன் விக்டோரியா காரைத் தனியாக வலுவூட்டிச் செய்தது. 2011-இல் அதன் உற்பத்தி நின்றது. ஓய்வு பெற்ற அந்தக் கார்கள் பல டாக்சிகளாக ஓடின. நம் ஊர் ரோந்து பொலிரோ அப்படிப்பட்டதன்று. விளக்கும், ஒலிபெருக்கியும், வயர்லெஸ்சும் ஏறினால் அது போலீசு வண்டி. அவை இறங்கினால் ஊர் வண்டி! அவற்றைக் கழற்றிய இடத்தில் ஓட்டை இருக்கும், அறுந்த ஒயர் தொங்கும். அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் மின்கசிவு வரும்.

கிலோமீட்டர் முள் குறைவாகக் காட்டுகிறதே என்று மகிழாதீர். காவல் வண்டி சந்திப்பில் மணிக்கணக்காக நிற்கும்; என்ஜினோ ஓடிக்கொண்டே இருக்கும். நின்றபடி ஓடிய நேரத்தை முள் கணக்கில் சேர்க்காது. தேய்மானம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். உப்பளக் காற்று அடிப்பாகத்தை அரிப்பதையும் மறவாதீர். குனிந்து பாருங்கள், குறையொன்றுமில்லை!

இன்னொன்றையும் இந்த வட்டாரத்தார் மறக்கலாகாது. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரவருணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயிலே சிக்கி நின்றது. அந்த வெள்ளத்தில் எத்தனை வண்டிகள் மூழ்கின! இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பாருங்கள். கோடுபோல் சேறு படிந்திருந்தால் விலகிவிடுங்கள்.

ஏலம் எடுத்துவிட்டீரா? இனித்தான் வேலை. வண்டியைக் கைப்பற்றிய 30 நாளுக்குள் படிவம் 32-இல் விண்ணப்பிக்க வேண்டும். பதிவுச் சான்று, காப்புறுதி, விற்பனையை உறுதிசெய்து ஏல அதிகாரி கையொப்பமிட்ட சான்று, ஏலத்துக்கு அனுமதி தந்த அரசாணையின் சான்றிட்ட நகல் ஆகிய நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அலுவலகப் படி தேய நடக்க வேண்டியதுதான். எனவே பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் தாளை எண்ணி வாங்குங்கள்!

இவையெல்லாம் காசுக்கான எச்சரிக்கை. மானத்துக்கான எச்சரிக்கை ஒன்றும் உண்டு.

வாங்கியவர்களில் சிலர், "போலீசு" என்ற எழுத்தை அரைகுறையாக அழித்துவிட்டு, சுழல்விளக்கின் அடித்தட்டை அப்படியே விட்டு வைக்கிறார்கள். சுங்கச்சாவடியில் மிடுக்கு! சந்தையில் மிரட்டல்! சட்டம் இதை ஒப்பவில்லை. பலதொனி ஊதுகுழல் தனியார் வண்டிக்குக் கூடாது. தனியார் வண்டிகளில் "போலீசு" ஒட்டுத்தாளோடு திரிந்தவர்கள்மீது சென்னையில் 2024 மே 2 முதல் நடவடிக்கை பாய்ந்தது.

சட்டம் கிடக்கட்டும்; நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். 1965-இல் மொழிப்போரில் நம் மூத்தோரை அள்ளிச் சென்றவை எந்த வண்டிகள்? 2020-இல் இதே மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தனரே! அந்த நாளுக்குப் பின் வாசலில் காவல் வண்டி நின்றால் எத்தனை தாய்மாரின் வயிறு கலங்கியிருக்கும்! அந்த அச்சத்தை 30 நாள் தாளோடு சேர்த்து நாமும் விலைக்கு வாங்குவதா? அதிகாரத்தின் கொடுமையை மேடையில் சாடிவிட்டு, அதன் நிழலில் வண்டி ஓட்டுவதா?

வேண்டாம் தோழர்களே! எழுத்தைச் சுரண்டுங்கள். விளக்குத் தட்டைக் கழற்றுங்கள். வண்ணத்தை மாற்றுங்கள், பதிவுச் சான்றிலும் அதை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ஆற்றுப்பாலத்தில் அமைதியாக ஓட்டிச் செல்லுங்கள்.

துறைமுகத் தோழரிடமும் இதையே சொன்னோம். "சரி அண்ணே, முதல்ல பெயிண்டருக்குப் பணம் எடுத்து வைக்கிறேன்" என்றார். அவர் வண்டி வரும்போது தெருப்பிள்ளைகள் ஓடி ஒளியக்கூடாது. ஓடி வந்து ஏற வேண்டும்!