மலையகத்தில் கடலடித் தரை உண்டா?

இந்த மலையெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்ற பேச்சைக் கேட்காதவர் குறைவு. அதில் பாதி உண்மை. கினிகத்தேனையும் ஹட்டனும் நுவரெலியாவும் நிற்கும் பாறைத் திரளுக்குப் புவியியலாளர் வைத்த பெயர் ஹைலண்ட் தொகுதி. அதில் பரவலாகக் கிடைக்கும் ஒரு நைஸ் பாறையை உடைத்தால் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும். வரிகளுக்கு நடுவே மிளகு பருமனில் சிவப்புக் கார்னெட், ஊசி ஊசியாகச் சிலிமனைட். அலுமினியம் மிகுந்த இந்தக் கனிமங்கள் அந்தப் பாறை ஆதியில் களிமண்ணாக இருந்ததைக் காட்டுகின்றன. குவார்ட்சைட் மணலாக இருந்தது. மாத்தளையிலும் திகனையிலும் வெட்டும் டொலமைட் பளிங்கு, கடலில் படிந்த சுண்ணாம்பாக இருந்தது. ஆனால் கடலில் படிந்த வண்டல் வேறு, கடலின் தரை வேறு. களியும் மணலும் சுண்ணாம்பும் கண்டத்தின் விளிம்பிலுள்ள ஆழமில்லாத கடலிலேயே படிந்துவிடும். ஆழ்சமுத்திரத்தின் தரையோ, சுமார் 7 கிலோமீற்றர் தடிப்புள்ள எரிமலைக் குழம்புப் பாறை. அந்தத் தரையின் துண்டு ஏதாவது இலங்கை நிலத்தில் ஏறிக் கிடக்கிறதா என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

நிலத்தில் ஏறிக் கிடக்கும் பழைய கடலடித் தரைக்கு ஒபியோலைட் என்று பெயர். 1972இல் பென்ரோஸ் மாநாட்டில் கூடிய புவியியலாளர் இதற்கு ஒரு வரையறை வகுத்தார்கள். ஒபியோலைட் என்பது ஒரு கல்லின் பெயரல்ல. ஒரு வரிசையின் பெயர். அடியில், பூமியின் ஓட்டுக்குக் கீழுள்ள மென்மூடியிலிருந்து வந்த பெரிடொடைட், அதன்மேல் கப்ரோ, அதற்குமேல் நெட்டுக்குத்தாக நெருங்கி நிற்கும் டைக் பாறைகள், அவற்றின்மேல் நீருக்குள் வழிந்து உருண்டைகளாக உறைந்த பசால்ட், உச்சியில் ஆழ்கடல் வண்டல். இந்த அடுக்கில் எனக்கு மிக வலுவான சாட்சியாகப் படுவது டைக் பாறைகள்தான். தரை பிளக்கும், பிளவில் குழம்பு ஏறி உறையும், உறைந்ததே மறுபடி பிளக்கும், அதற்குள் இன்னொன்று ஏறும். தரை ஓயாமல் விரிந்துகொண்டே இருந்தால் ஒழிய டைக்கை ஒட்டி டைக்காக இப்படி அடுக்க முடியாது. சைப்பிரசின் துரோதொஸ் மலையிலும் ஓமானிலும் இந்த வரிசை கண்ணால் பார்க்கும்படி கிடக்கிறது.

இலங்கையில் இதற்குக் காட்டப்படும் முதல் ஆதாரம் சர்ப்பென்டைன் பாறை. அம்பாந்தோட்டைக் கரையில் உஸ்ஸங்கொடை, எம்பிலிப்பிட்டிப் பக்கம் கினிகல்பெலஸ்ஸ, இந்திகொலபெலஸ்ஸ, வஸ்கமுவைப் பக்கம் யுதகனாவ, நுவரெலியா மாவட்டத்திலேயே ரூபஹ. உஸ்ஸங்கொடையில் சிவந்த மண்ணில் செடிகள் தலையெடுக்காமல் தரையோடு படர்கின்றன. காரணம், மண்ணில் நிக்கலும் மக்னீசியமும் மிகுதி. சித்த வைத்தியத்தில் பயன்படும் விஷ்ணுகிரந்தி அங்கே நிக்கலைத் தன் இலையில் சேர்த்துவைக்கிறது. இத்தனை நிக்கல் மென்மூடிப் பாறையின் அடையாளம். போதாததற்கு, இந்த இடங்களில் பல, ஹைலண்ட் தொகுதியும் கிழக்கேயுள்ள விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டிக் கிடக்கின்றன. ஆகவே அந்த எல்லையில் ஒரு சமுத்திரம் மூடியது, அதன் தரையில் மிஞ்சியதே இவை என்று வாதிடுகிறார்கள்.

வாதம் கவர்ச்சியானது, ஆனால் ஓரிடத்தில் இடறுகிறது. மென்மூடிப் பாறைக்குள் நீர் புகுந்தால்தான் சர்ப்பென்டைன் உண்டாகும். வெப்பம் 700 பாகை செல்சியசை எட்டுமுன்பே அது சிதைந்துபோகும். ஹைலண்ட் தொகுதியோ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 800 பாகைக்கு மேல் வெந்த நிலம். கம்பளைப் பக்கத்துப் பாறைகள் சிலவற்றில் 900 பாகையைத் தாண்டியதற்கும் தடயம் உண்டு. அந்தச் சூட்டில் கடலடியில் உண்டான சர்ப்பென்டைன் தப்பியிருக்க வழியில்லை. இன்று நாம் காண்பது, பாறை ஆறிய பிறகு நீர் ஏறி உண்டானதாகவே இருக்க வேண்டும். அப்படியானால் அது மென்மூடிப் பாறை அங்கே இருந்ததற்குச் சாட்சி. சமுத்திரம் இருந்ததற்குச் சாட்சியல்ல. கண்டத்தின் அடியிலும் மென்மூடி உண்டு. பெரிய பிளவு ஒன்று அதை மேலே கொண்டுவந்துவிடும்.

வரிசையில் இங்கே காணக் கிடைக்காத டைக்கும் உருண்டைப் பசால்ட்டும் அதே சூட்டில் உருத்தெரியாமல் போயிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய கடலடித் தரை பாரமானது. பெரும்பாலும் மென்மூடிக்குள் அமிழ்ந்தே மறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, தரை கிடைக்காததால் சமுத்திரமே இருக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. அப்போது சாட்சியை இரு கரைகளில் தேட வேண்டும். அங்கே அது இருக்கிறது. ஐசோடோப்புக் கணக்கில் ஹைலண்டின் மூலப்பொருள் 200 முதல் 300 கோடி ஆண்டு பழையது. விஜயனுடையது 200 கோடிக்கும் குறைவு. விஜயனின் கிரனைட் வகை நைஸ்கள் சுமார் 100 முதல் 110 கோடி ஆண்டுகளுக்கு முன், சமுத்திரத் தகடு அமிழும் இடத்தில் எழும் எரிமலை வரிசைக்குரிய வேதியியலோடு உருவானவை. கதிர்காமத்தில் விஜயன் நிலத்தின்மேல் தனித்துக் கிடக்கும் ஹைலண்ட் பாறை, மேற்குத் தொகுதி கிழக்கின்மேல் ஏறித் தள்ளியதைக் காட்டுகிறது. பூர்வீகம் வேறான இரு நிலங்கள் இப்படி மோதியிருப்பதால், இடையில் ஒரு சமுத்திரம் இருந்து மூடியது என்பதே பொருத்தமான விளக்கம்.

சூட்டின்மீதே எல்லாப் பழியையும் போடவும் முடியாது. தமிழ்நாட்டில் பாலக்காடு–காவிரிப் பட்டையும் கடுமையாக வெந்து நசுங்கிய நிலம்தான். அங்கே காவிரிக்கரை மணமேட்டில் டியூனைட், கப்ரோ, டைக், இரும்புச் செர்ட் என்று சிதறிய வரிசையை ஆய்வாளர் பொருத்திக் காட்டி, 2010இல் அதை ஒபியோலைட் என்று அறிவித்தார்கள். அதன் வேதியியல் நடுக்கடல் முகட்டைவிட, தகடு அமிழும் இடத்துக்கு மேலுள்ள கடலையே சுட்டுகிறது. அங்கும் விவாதம் ஓயவில்லை. ஆனால் விவாதிக்க ஒரு வரிசை கையில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது அதன் அடிப்படி மட்டும். எனவே என் தீர்ப்பு இதுதான்: இலங்கையில் சமுத்திரம் மூடியதற்கு ஆதாரம் உண்டு, அதன் தரை கிடைத்துவிட்டது என்பதற்கு இன்னும் இல்லை. ரூபஹவிலோ உஸ்ஸங்கொடையிலோ சர்ப்பென்டைனை ஒட்டிக் கப்ரோவும் டைக்கும் வரிசையாகக் காட்டப்படும்வரை, அவற்றை ஒபியோலைட் என்று பாடப்புத்தகத்தில் எழுதக் கூடாது.

(தொடரும்)