உங்களுக்குத் தெரியுமா? 4060ஆ, 7600ஆ?

முதல் கேமிங் பிசியா? கிராபிக்ஸ் கார்டாக என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கவா, ஏஎம்டி ஆர்எக்ஸ் 7600 வாங்கவா என்று குழப்பமா? அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குள் நுழைவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்!

இரண்டு கம்பெனியும் பரம எதிரிகள். ஆனால் இரண்டின் தலைவர்களும் சொந்தக்காரர்கள்! ஏஎம்டியின் லிசா சூவுடைய அம்மாவுக்கு, என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் அத்தை மகன். நம்மூர்க் கணக்கில் லிசாவுக்கு ஜென்சன் சித்தப்பா முறை! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொன்று கேளுங்கள். இந்தச் சண்டைக்கோழிகள் இரண்டுக்கும் சிப் செய்து கொடுப்பது ஒரே கம்பெனி. தைவானின் டிஎஸ்எம்சி!

4060இன் சிப் உங்கள் கட்டைவிரல் நகம் அளவுதான். அதற்குள் 1,890 கோடி டிரான்சிஸ்டர்கள்! 7600இன் சிப் அதைவிடப் பெரியது. உள்ளே இருப்பதோ 1,330 கோடிதான்!

சாதாரண 1080பி மானிட்டரில் புள்ளிகள் எத்தனை? 20,73,600. நொடிக்கு 60 படம் என்றால் கார்டு வரைய வேண்டியது 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். ஒரே நொடியில்!

அப்படியா, எல்லாவற்றையும் கார்டு வரைந்தே ஆக வேண்டுமா? இல்லவே இல்லை! 4060இல் டிஎல்எஸ்எஸ் 3ஐ முழு வீச்சில் ஓடவிட்டால் 8 புள்ளிகளில் 7 ஏஐ ஊகித்துப் போடுவது. நிஜமாக வரைந்தது ஒன்றே ஒன்று!

டிஎல்எஸ்எஸ் ஏஎம்டி கார்டில் ஓடாது. ஆனால் அதே மாதிரி வேலை செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3, எதிரியின் 4060இலும் ஜம்மென்று ஓடும். தாராள மனசு!

4060 இழுக்கும் கரண்ட் 115 வாட். 7600க்கு 165. பழைய சீலிங் ஃபேன் இரண்டு சேர்ந்தால்கூட 150தான்! தினம் நாலு மணி நேரம் விளையாடினால் இரண்டு மாத பில்லில் வித்தியாசம் 12 யூனிட். அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. அம்பத்தூரில் என்டிடியின் டேட்டா சென்டர் இருக்கிறதே, அதன் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் முழுத் திறன் 34.8 மெகாவாட். அந்தக் கரண்டில் 3 லட்சம் 4060 ஓட்டலாம்!

புதுசுதான் பெரிசு என்று யார் சொன்னது? 2021இல் வந்த என்விடியா 3060இல் மெமரி 12 ஜிபி. 2023இல் வந்த 4060இல் 8 ஜிபி. தம்பியைவிட அண்ணனுக்கு நாலு ஜிபி கூட!

அந்த 3060இல் கிரிப்டோ நாணயமான ஈத்தரின் மைனிங் பாதி வேகத்தில்தான் ஓடும்படி பூட்டுப் போட்டது என்விடியா. அடுத்த மாதமே பூட்டைத் திறந்துவிட்டது யார்? தவறுதலாக ஒரு டிரைவரை வெளியிட்ட அதே என்விடியா!

2022 செப்டம்பர் 15. ஈத்தர் மைனிங் ஒரே நாளில் முடிந்தது! ராத்திரி பகலாக உழைத்த கார்டுகள் செகண்ட் ஹேண்டுக்கு வந்தன. 'புதுசு மாதிரி சார்' என்றால் பில்லைக் கேளுங்கள்.

30,000 ரூபாய்க் கார்டில் ஜிஎஸ்டி மட்டும் 4,576 ரூபாய். எஸ்எஸ்டி ஒன்றே வாங்கியிருக்கலாம்!

என் தீர்ப்பு? விலை வித்தியாசம் 2,000 ரூபாய்க்குள் என்றால் 4060. அதைத் தாண்டினால் யோசிக்காமல் 7600!

கடைசியாக ஒன்று. எல்லாம் மாட்டி, சுவிட்சைப் போட்டு, ஃபேனும் சுற்றி, திரை மட்டும் கருப்பா? பின்னால் குனிந்து பாருங்கள். எச்டிஎம்ஐ வயரை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். கார்டில் மாற்றுங்கள்!